ஆயுத பூசைக்குக் குளித்த கப்பல்

ராஜரத்தினத்திடம் யாராவது வீடு எங்கே என்று கேட்டால், ரங்கூன் தாகேதாப் பேட்டையில் இன்ன தெரு, இன்ன எண் என்று சொல்லமாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கப்பல்ல இருக்கேன்" என்பார். கேட்டவர் புது ஆளாக இருந்தால், நாளைக்கே பினாங்குக்குப் புறப்படப்போகிற மனிதர் என்று நினைத்து, வரும்போது ஒரு நல்ல குடை வாங்கிவர முடியுமா என்று விசாரிப்பார். முடியாது என்று ராஜரத்தினம் சொன்னதே இல்லை. சில பேர் அந்தக் குடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

உண்மையில் அவர் கடலையே பார்த்ததில்லை. ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போகும் படகில் ஏறினாலே குமட்டும். ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அக்கரை வந்துவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய கப்பலும் பயணத்தை வெறுத்த ஜென்மம்தான். பசுண்டாங் ஓடையின் தாகேதாக் கரையில், ஓர் அரிசி ஆலைக்குப் பின்புறம், யுத்தம் முடிந்த நாளிலிருந்து அது கயிறு கட்டின இடத்திலேயே கிடந்தது.

பிறக்கும்போது அது ஒரு சீமாட்டி. ஸ்காட்லாந்தில் இரும்புத் தகடுகளைக் கோத்து அடித்து, மூன்று பாய்மரங்களை நிறுத்தி, முகப்பில் ஒரு மரப்பெண்ணையும் வைத்து அனுப்பினார்கள். கல்கத்தாவில் சணலும் ரங்கூனில் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பாவுக்குப் போனது. நீராவிக் கப்பல்கள் சூயஸ் வழியே குறுக்கே புகுந்து ஓட ஆரம்பித்ததும் சீமாட்டியின் மவுசு குறைந்தது. மலிவாக வாங்கின நார்வேக்காரர்கள், ஆட்களைக் குறைப்பதற்காகப் பாய்களைக் குறைத்தார்கள். அதற்குப் பின் வாங்கினவர்கள் நிலக்கரி கொட்டி வைக்கும் கிடங்காக்கினார்கள். கிடங்குக்கு மரம் எதற்கு என்று மூன்றையும் அறுத்தார்கள். யுத்தத்தில் ஒரு தரப்பு அதை மூழ்கடித்தது, இன்னொரு தரப்பு தூக்கி நிறுத்தியது. இருவருமே அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் அரிசி ஆலைக்காரர்கள் உமி கொட்டிவைக்க இழுத்து வந்தார்கள். மரப்பெண் எந்த ஊரில் விறகானாளோ தெரியாது.

ராஜரத்தினத்தின் உத்தியோகமும் இதே சரிவில்தான் இறங்கியது. கப்பலின் காவலாளியாகச் சேர்ந்தபோது அவருக்கு ஒரு சீருடை, ஒரு விசில், ஒரு டார்ச் விளக்கு இருந்தன. ஆலை கை மாறியபோது சீருடை போயிற்று. டார்ச் தானாகவே செத்தது. எண்பத்தெட்டில் அரசாங்கத்துக்கு எதிராக ஊர் கொந்தளித்து ஆலை மூடிக்கிடந்த நாட்களில், அக்கம்பக்கத்தார் அடுப்பெரிக்க மேல்தளத்துத் தேக்குப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ராஜரத்தினம் குறுக்கே நின்று விசில் ஊதினார். கூட்டத்தில் ஒருவர் பொறுமையாக அதை அவர் வாயிலிருந்து எடுத்து, துடைத்து, தன் பையில் போட்டுக்கொண்டார்.

மிஞ்சியது ஒரு கைப்பம்பு. கப்பலுக்குள் கசியும் தண்ணீரைக் காலைதோறும் இறைக்கவேண்டும். அதைச் செய்துகொண்டு, ராஜரத்தினம் தனக்குத்தானே ஒரு பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் காப்டன். இந்த உயர்வு பற்றிய செய்தி வேறு யாரையும் எட்டவில்லை.

அவர் மனைவி மஞ்சுளாவை எட்டியிருந்தது. ஆனால் அவள் அதை அங்கீகரிக்கவில்லை. கப்பலின் பின்கோடியில் இருந்த தகர அறையில் அவள் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்தினாள். தினமும் கடலோதத்தில் ஓடைத் தண்ணீர் ஏறும்போது கப்பல் மிதந்து நேராகும். வற்றும்போது சேற்றுச் சரிவில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாயும். சாயும் நேரத்தில் உலை வைத்தால் சோறு ஒரு பாதி குழைந்து மறுபாதி வேகாத அரிசியாக நிற்கும். படுக்கும்போது தலை எந்தப் பக்கம் என்பதை ஓடையைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

"தாமுவேல எங்க அக்கா வீட்டப் பாருங்க. தரை தரையா இருக்கு, கொழாய் கொழாயா இருக்கு. வச்ச பாத்திரம் வச்ச எடத்துல இருக்கு. இங்க கொழம்புச் சட்டி என்னத் தேடி வருது!"

"அது கரை. இது கப்பல்," என்பார் ராஜரத்தினம்.

"கப்பலா? கவுந்த அண்டா."

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆலையைக் குத்தகைக்கு எடுத்த புதுக் கம்பெனி, பின்புறம் கிடக்கிற இரும்பை ஏன் விற்கக்கூடாது என்று யோசித்தது. பழைய இரும்பு வியாபாரி ஜமால் வந்து பார்த்தார். தீபாவளி கழிந்ததும் வெட்டி எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது. காவலாளிக்கு வேறு ஏற்பாடு உண்டா என்று ராஜரத்தினம் மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர், காவல் காக்க ஒன்றும் இருக்காதே என்று உண்மையான அக்கறையோடு விளக்கினார்.

கப்பல் போனால் வீடு போகும் என்பதை ராஜரத்தினம் தாங்கிக்கொண்டிருப்பார். "எங்கே இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு இனிமேல் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது. தாமுவேயில் மைத்துனி வீட்டு மாடியில் இருக்கிறேன் என்று ஒரு காப்டன் சொல்லமுடியாது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் உலகத்து மக்களையெல்லாம் சுற்றுலாவுக்கு அழைத்திருந்தது. நகரம் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். காட்டுவதற்குப் பழமையான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று வார்டு வார்டாகத் தேடினார்கள். ராஜரத்தினத்தின் வார்டில் இருந்த பகோடாவைக் கட்டும்போது வார்டுத் தலைவர் ஊ டின் லாயிங்கே செங்கல் சுமந்திருந்தார். அதைப் பழமை என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

மஞ்சுளாவின் தம்பி சிவராஜ் ஓட்டலுக்கு வரும் வெளிநாட்டாருக்கு வழி காட்டுகிறவன். அவன் ஒருநாள் ஓடி வந்தான்.

"மச்சான், நம்ம ஓட்டல்ல ஒரு வெள்ளைக்காரர் எறங்கியிருக்காரு. ஊர் ஊராப் போயி இந்த மாதிரிப் பழைய இரும்புப் பாய்க்கப்பலப் பாக்கறதுதான் அவருக்குச் சோலி."

"பாத்து?"

"பாப்பாரு. அவ்வளவுதான். எந்தக் கப்பல் எங்க பொறந்திச்சு, எங்க செத்திச்சுன்னு எழுதுவாரு. சொந்தச் செலவுல."

"அவரு வீட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று மஞ்சுளா கேட்டாள். தன்னைப்போல் ஒருத்தி வேறு தேசத்திலும் இருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல்.

ராஜரத்தினம் அன்றே ஊ டின் லாயிங்கிடம் போனார். "சயா," என்று பர்மிய மரியாதையில் ஆரம்பித்தார். "நம்ம வார்டுல நூறு வருஷத்துக்கு மேல ஆன பொருள் ஒண்ணு இருக்கு. அதப் பாக்க வெளிநாட்டுலேருந்து ஆளே வந்துட்டாங்க."

தலைவர் வந்து பார்த்தார். துரு உதிர்ந்து, பாசி பிடித்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கோழிகள் உள்ளிருந்து கொக்கரித்தன. "பழசுதான்," என்றார், "ஆனால் ரொம்பப் பழசாகத் தெரிகிறது. வெளிநாட்டான் பார்க்கும்போது பழசு புதுசாக இருக்கவேண்டும். பெயின்ட் நான் அனுப்புகிறேன். வெள்ளையும் பச்சையும். அவன் மெச்சினால் கம்பெனியோடு நான் பேசுகிறேன், வெட்டக்கூடாது என்று."

வெள்ளைக்காரர் வரும் நாள் ஆயுத பூசைக்கு மறுநாளாக அமைந்தது. ராஜரத்தினத்துக்கு இதில் தெய்வச் செயல் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் கப்பலுக்கு ஆயுத பூசை செய்வார். செய்வதென்றால் முன்பக்கம் எட்டின இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு, ஒரு செவ்வந்திப் பூ, ஒரு சூடம், அவ்வளவுதான். ஆனால் பூசைக்கு முன் ஆயுதத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும் என்பது முறை. தையல்காரர் மெஷினைத் துடைக்கிறார், சைக்கிள் டிரிஷா ஓட்டுகிறவர் சக்கரத்தைத் தேய்க்கிறார். நாற்பது வருஷமாக ஒரு கப்பலைக் குளிப்பாட்டாமல் பொட்டு மட்டும் வைத்துவந்தோமே, அதனால்தானே ஜமால் வந்து சேர்ந்தார் என்று அவருக்கு உறைத்தது.

பூசையன்று காலையில் தண்ணீர் வற்றியதும், பக்கத்துப் படகுப் பட்டறையின் தமிழ் ஆட்கள் சுத்தியலோடும் சுரண்டியோடும் சேற்றில் இறங்கினார்கள். நம்ம ஆட்கள் பூசைக்கு வேலை செய்தால் கூலி கேட்கமாட்டார்கள்; பொங்கலும் சுண்டலும் போதும். கரையில் பூசணிக்காய், வாழைக்கன்று, சூடத்தட்டு எல்லாம் தயாராக இருந்தன. இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துப்போக வந்த ஜமால் பதறிப்போனார்.

"அண்ணே! என்ன வேலை பாக்குறீக? தட்டாதீக!"

"ஏன், ஒன் சரக்குல அடி படுதா?" என்றார் ராஜரத்தினம்.

"நான் சொல்றதக் கேளுங்க. அதுல இரும்பு எங்கண்ணே இருக்கு? துருதான் தண்ணியத் தடுத்து நிக்குது. அதத் தேச்சா மிச்சம் ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லாததத்தான் நீ வெல பேசுனியா?"

"கப்பல் சேத்துல எறங்கிட்டா எனக்குத்தாண்ணே நட்டம்," என்றார் ஜமால் பரிதாபமாக. அதைவிட நேர்மையான பேச்சை அந்த வாரம் யாரும் பேசவில்லை. ஆனால் எதிராளி தனக்கு நட்டம் என்று சொல்வதைக் கேட்டால் எந்த மனிதருக்குத்தான் உற்சாகம் பிறக்காது? ராஜரத்தினம் பட்டறை ஆட்களைப் பார்த்து, "நல்லா ஓங்கித் தட்டுங்கப்பா!" என்றார்.

துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. அதன் கீழே இன்னும் துரு இருந்தது, அதுவும் உதிர்ந்தது. உள்ளே பளபளக்கும் இரும்பு வரும் வரும் என்று ராஜரத்தினம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு தகடு முழுசாக விழுந்தது. அந்த ஓட்டை வழியே ஒரு கோழி தலையை நீட்டி எல்லாரையும் பார்த்தது.

சுத்தியல்கள் நின்றன.

"இது என்ன ஜன்னலுங்க?" என்று மேலேயிருந்து மஞ்சுளா எட்டிப் பார்த்துக் கேட்டாள். "முன்னாடியே தொறந்திருந்தா காத்தாவது வந்திருக்கும்."

அதற்குள் ஓடையில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பழைய லொஞ்சிக் கைலிகளைத் திணித்தார்கள்; உள்ளே விழுந்தன. ஊ டின் லாயிங் அனுப்பிய பெயின்ட் டப்பாவின் மூடியை வைத்துப் பார்த்தார்கள், சின்னது. கடைசியில் திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கி ஓட்டையில் வைத்து அமுக்கினார்கள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அதன் மேல் குங்குமம் இருந்ததால் பார்ப்பதற்கு லட்சணமாகவும் இருந்தது. ராஜரத்தினம் உடனே சூடம் ஏற்றி அதற்கே காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தண்ணீர் பூசணிக்காய் மட்டத்துக்கு வந்தது. சற்று நேரம் அது தாக்குப்பிடித்தது. பிறகு, அழைத்த விருந்தாளி உள்ளே போவதுபோல், தானாகவே உள்ளே போய்விட்டது.

ராஜரத்தினம் பம்பிடம் ஓடினார். அவர் இறைத்த வேகத்துக்கு ஓடை சிரித்திருக்கும். மஞ்சுளா கோழிகளையும் அரிசிப் பானையையும் மேலே ஏற்றினாள். கப்பல் ஒரு பெருமூச்சு விட்டது. கட்டியிருந்த கயிறு அறுந்தது. சேற்றுச் சரிவில் மெதுவாக வழுக்கி இறங்கி, பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. யுத்தத்துக்குப் பிறகு அது செய்த ஒரே பயணம். ராஜரத்தினத்துக்குக் குமட்டியது.

எல்லாம் ஓய்ந்தபின் மஞ்சுளா அறைக்குள் போனாள். மேல்தளம் வரை தண்ணீர் வரவில்லை. அடுப்பின் மேல் குழம்புச் சட்டியை வைத்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். கையை எடுத்தாள். சட்டி நகரவில்லை.

"ஏங்க," என்றாள். "நேரா இருக்கு."

மறுநாள் வந்த வெள்ளைக்காரர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். சிவராஜ் பயந்து பயந்து நடந்ததைச் சொன்னான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஜாதிக் கப்பல்கள் பாறையில் மோதிச் செத்திருக்கின்றன, எரிந்திருக்கின்றன, குண்டு பட்டிருக்கின்றன, ஆட்களோடு காணாமல் போயிருக்கின்றன. ஆனால் வழிபாட்டில் மூழ்கியது இது ஒன்றுதான் என்றார். யாருக்காவது உயிர்ச்சேதம் உண்டா என்று கேட்டார்.

"ஒரு பூசணிக்கா," என்றாள் மஞ்சுளா. சிவராஜ் அதை மொழிபெயர்த்தான். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளிநாட்டானே மெச்சிவிட்டதால் ஊ டின் லாயிங் கரையில் ஒரு பலகை நட்டார்: பழமையான கப்பல், யாரும் தொடக்கூடாது. ஒரு நாள் முன்னால் நட்டிருக்கலாம். சேற்றில் புதைந்ததை வெட்டி எடுக்க இரும்பின் விலையைவிடச் செலவாகும் என்று ஜமால் ஒதுங்கினார். மூழ்கியது கம்பெனியின் சொத்து இல்லை, ஆகவே காவலாளியும் இல்லை என்று மேனேஜர் கைகழுவினார். உத்தியோகம் போயிற்று. கப்பல் தங்கிவிட்டது. மஞ்சுளா கப்பலின் சமதரையில் இட்லிக் கடை போட்டாள். தாமுவே பற்றிய பேச்சை விட்டாள். ராஜரத்தினம் காலையில் பழக்கதோஷத்தில் பம்பை அடிப்பார். ஓட்டை வழியே வந்த ஓடையை எடுத்து ஓடையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் மஞ்சுளா பம்பின் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, பாத்திரம் கழுவுமிடத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்தெட்டில் நாட்டையே புரட்டிப்போட்ட அந்தப் புயல் வந்தபோது, ஓடையில் இருந்த கப்பல்கள், தோணிகள், புத்தம்புது எஃகுப் படகுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்தன. கூரை பறந்த வீடுகளிலிருந்து ஜனங்கள் ஓடிவந்து ஏறியது ராஜரத்தினத்தின் கப்பலில். முன்பே மூழ்கிவிட்ட கப்பலை மூழ்கடிக்கப் புயலுக்கு வழி தெரியவில்லை. ஊ டின் லாயிங் குடும்பத்தோடு வந்தார். ஜமால் தன் சரக்குப் படகு போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அசையாத கப்பலின் நடுவே ராஜரத்தினம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

விடிந்து காற்று அடங்கியது. கரைக்குப் போடும் பலகையைப் புயல் கொண்டுபோயிருந்தது. எல்லாரும் எழுந்து நின்று, போகலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜமால்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எறங்கலாமா, காப்டன்?"

ராஜரத்தினம் கண்ணைத் திறந்தார். எலுமிச்சம்பழத்தை மடியில் முடிந்துகொண்டார். கரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இரு," என்றார். "நான் சொல்றேன்."

மஞ்சுளா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். வைத்த கோப்பைகள் வைத்த இடத்தில் நின்றன.