கலண்டர் மறைத்த கதவு

முருகன் படம் போட்ட கலண்டரை நான் கழற்றியபோது கதவில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. என் கைமுட்டி நுழையும் அளவு. விளிம்பில் பலகைச் சிராய்கள் உட்பக்கமாக மடிந்து கிடந்தன. போன மாதம் அப்பாவும் அம்மாவும் பேர்ன் நகரத்து ஓரம் ஓஸ்டர்முண்டிகனில் இருந்த வீட்டை விட்டுச் சிறிய வீடொன்றுக்கு மாறினார்கள். சுவிசில் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுப்பது கலியாண வீட்டு வேலையைவிடப் பெரிய வேலை. அடுப்புத் திருகுகளைக்கூடப் பல் தூரிகையால் தேய்க்க வேண்டும். பிறகு வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒருவர் டோர்ச் லைட்டோடு வந்து சுவர் சுவராகப் பார்ப்பார். அம்மா யன்னல் துடைத்தார். உதவிக்கென்று லண்டனிலிருந்து வந்திருந்த அக்கா குசினியில் அடுப்பைத் தேய்த்தாள். அப்பா மட்டும் இந்தக் கதவுப் பக்கம் வரவேயில்லை.

இது அக்காவின் அறைக் கதவு. இந்த நாட்டில் மீசை முளைக்கும் முன்பே பிள்ளைகளைப் பிரித்து, பல்கலைக்கழகம் போகிறவர்கள் இந்தப் பக்கம், தொழில் பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் என்று விட்டுவிடுவார்கள். அக்கா அந்தப் பக்கம் போனாள். எங்கள் சனத்துக்கு அது செத்தவீடு மாதிரி. அப்பா முதன்முதலில் பெல்ற்றைக் கழற்றியது அன்றுதான். "அடியாத மாடு படியாது" என்று கோயிலில் அவருக்கு ஒத்து ஊதவும் ஆட்கள் இருந்தார்கள். என் அக்கா மாடும் அல்ல, படியாதவளும் அல்ல. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புத் தொழில் பழகினாள். படுக்கையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டே, தாதியாகப் பட்டம் படிக்க வேண்டுமென்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

வழி லண்டனில் இருந்தது. அங்கே இருக்கும் அப்பாவின் தங்கையான மாமியின் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு பல்கலைக்கழகம் தொழிற் பயிற்சியை ஏற்றுக்கொண்டது. ஆனால் பள்ளிக்கூட மட்டத்தில் ஆங்கிலமும் கணிதமும் வேண்டும் என்றது. அக்காவின் பள்ளிச் சான்றிதழ் அதற்குப் போதவில்லை. அதற்குப் பதிலாக, வேலை செய்கிறவர்கள் வெளியில் எழுதக்கூடிய ஓர் ஆங்கிலச் சோதனையும் ஒரு கணிதச் சோதனையும் போதும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா வீட்டில் மூச்சு விடவில்லை. எங்கள் கட்டிடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே. எங்கள் முறை வரும் நாட்களில் அங்கே மெஷின் சுற்றும் சத்தத்துக்குள் இருந்து படித்தாள். சின்னப் பிள்ளையான என்னிடம் புத்தகத்தைத் தந்து கேள்வி கேட்கச் சொல்வாள். விகிதமும் வீதமும் நான் கற்றது சவர்க்கார வாசத்தோடுதான்.

இரண்டிலும் சித்தியடைந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேசரி கிண்டி, இரண்டு சான்றிதழ்களையும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் மேசையில் வைத்தாள். அப்பா இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் வேலை முடித்து, கத்திகளும் இறைச்சி தட்டும் இரும்புச் சுத்தியலும் இருந்த பையோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். கடிதத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார். முகம் கறுத்தது.

"பள்ளிக்கூடச் சோதினைக்குப் பதிலா வேற பேப்பரோ? பதிலாக் குடுக்கிற பேப்பர் என்னெண்டு எனக்குத் தெரியுமடி. நான் இன்னொருத்தன்ர பாஸ்போட்டில வந்தவன்!"

"அப்பா, இது உண்மையான சோதினை. நான் போய் இருந்து எழுதினனான். வடிவா வாசிச்சுப் பாருங்கோ."

"ஷ்லீரன் ஊரில ஒருத்தன் கள்ளச் சேட்டிபிக்கற்றோட பிடிபட்டவன், கேள்விப்படேல்லையோ? எங்களுக்கு சிற்றிசன் விசாரணை வருது. எல்லாரையும் பிளேனில ஏத்திப்போடுவாங்கள்!"

ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போட்டில் எல்லை கடந்து, எந்தக் கதவு தட்டினாலும் அதற்காகத்தான் என்று நடுங்கி வாழ்ந்த மனிதர் அவர். அந்தப் பயம் எனக்கு இன்று விளங்குகிறது. விளங்குவது வேறு, பொறுப்பது வேறு. முதல் அடியிலேயே அக்காவின் சொண்டு வெடித்தது. கேசரித் தட்டு சுவரில் அடிபட்டுச் சிதறியது. தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினார். அவள் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி அறைக்குள் ஓடி, கதவைச் சாத்தி உள்ளே நின்று கையால் தள்ளிப் பிடித்தாள். பூட்டு இல்லாத கதவு. அப்பா பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். நான் அவருடைய முழங்கையைக் கடித்தேன், வாயில் இரத்தம் கரித்தது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. என்னை உதறிவிட்டு ஓங்கி அடித்தார். உள்ளே ஒன்றுமில்லாத கோறைக் கதவு, சுத்தியல் மறுபக்கம் போய்விட்டது. அக்கா அலறிய அலறல் மனிசக் குரலாக இருக்கவில்லை.

"ஐயோ, கத்தாதை பிள்ளை, கீழ் வீட்டுக்காரி பொலிசுக்குப் போன் அடிக்கப் போறாள்!" என்றார் அம்மா. அதுதான் அவர் வாயில் முதலில் வந்தது.

அக்காவின் இடது கை மோதிர விரல் மூட்டு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா டொச்சில், தன் அரைகுறை ஜெர்மனில், "உன்ஃபால்" என்றார். விபத்து. அக்காவும் தலையாட்டினாள். இல்லையென்றால் அந்தக் குடியுரிமை விசாரணை என்னவாகும் என்று அவளுக்கும் தெரியும். அடுத்த நாள் விசயம் கேள்விப்பட்ட லண்டன் மாமி போன் எடுத்து அப்பாவைக் கிழித்தார். "அண்ணை, என்ர மகனும் அதைத்தான் எழுதிப்போட்டுப் படிக்கிறான். கள்ளமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" அப்பா ரிசீவரை வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கோயிலில் கொடுத்த முருகன் கலண்டரைக் கொண்டுவந்து, ஓட்டைக்கு மேல் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அக்கா கட்டுப் போட்ட கையோடு லண்டனுக்குப் படிக்கப் போனாள். ஒவ்வொரு தையிலும் கலண்டரில் முருகன் மட்டும் மாறிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைக் கும்பிட எனக்குக் கை எழும்பியதேயில்லை.

போன மாதம் வீட்டைப் பார்க்க வந்த நிர்வாகத்துக்காரர் எங்கள் துப்புரவைப் பாராட்டிக்கொண்டே வந்து கதவடியில் நின்றார். ஓட்டைக்குள் லைட் அடித்துப் பார்த்து, இது எப்படி நடந்தது என்று கேட்டார். அப்பாவுக்கு வாய் பழகிய சொல் தானாக வந்தது.

"உன்ஃபால்."

"இல்லை" என்றாள் அக்கா. இந்த ஊரிலேயே பிறந்தவளின் சுத்தமான பேர்ன் டொச்சில், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "விபத்து இல்லை. என் அப்பா சுத்தியலால் அடித்தார். கதவுக்குப் பின்னால் என் கை இருந்தது."

அம்மாவின் கையிலிருந்த துணி நின்றது. அந்த மனிதர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அக்காவைப் பார்த்தார், பிறகு கதவை. டொச்சில் சொல்ல அவருக்குச் சொல் வரவில்லை.

"ஓம். நான்தான் அடிச்சனான்" என்று தமிழில் சொன்னார்.

அக்கா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த மனிதர் அதைப் படிவத்தில் எழுதி முடித்ததும், அப்பா கையெழுத்து வைப்பதற்காகப் பேனையை வாங்கி இடது கையால் நீட்டினாள். மற்ற விரல்கள் பேனையைப் பிடித்திருக்க, மோதிர விரல் மட்டும் மடங்காமல் அவரை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அப்பா பேனையை வாங்க வெகுநேரம் எடுத்தார்.