அடியில் மூன்று புள்ளி

எங்கள் வீட்டில் பழைய பீங்கான் தட்டுகள் பதினொன்று இருக்கின்றன. ஒன்றிலும் சாப்பிட மாட்டோம். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரை பங்களாக்களில் மேசைக்குப் போனவை. விளிம்பு உடைந்ததும் தொழிலாளர் லயத்துக்கு வந்தவை. வாங்குமுன் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில் அச்சடித்த இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பக்கத்தில் தூரிகையால் வைத்த சின்னக் குறி ஒன்று இருக்கும். ஒன்றில் சிலுவை, ஒன்றில் கோடு. தட்டில் பூ வரைந்தவர் தன் வேலை எதுவென்று தெரிய வைத்த அடையாளம் என்று பதுளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நானா சொன்னார். பறித்த கொழுந்துச் சாக்கில் நாங்கள் ஆளுக்கொரு துணிக்கிழிசல் கட்டுகிற மாதிரி.

அன்றிலிருந்து மூன்று நீலப் புள்ளி வைத்த ஆள்மேல் எனக்கு ஒரு கண். அந்தக் குறியோடு என்னிடம் இரண்டு தட்டுதான். இரண்டிலும் பூவின் ஒரு இதழ் மட்டும் உள்ளே மடங்கியிருக்கிறது. ஏன் மடக்கினார்? ஆணா, பெண்ணா?

போன தையில் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்கப் பூனாகலைக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மனைவி சொன்னாள்:

"தட்டக் கண்டா கவுத்துப் பார்த்து மானத்த வாங்கிறாதீங்க. புள்ள ஆசப்பட்ட எடம்."

தலையாட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தட்டில் நாலு வடை கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வடைகளுக்கு நடுவே ஒரு நீலப் பூ. ஒரு இதழ் மடங்கியிருந்தது.

வாய் திறந்து கேட்க எனக்கு வராது. வடை தீர்ந்தால் பார்க்கலாம் என்று வேகமாகச் சாப்பிட்டேன். அந்த அம்மா இன்னும் மூன்று வைத்தார்.

"அண்ணனுக்கு நம்ம வடை புடிச்சுப் போச்சு."

அதையும் தின்றேன். எல்லாரும் நாள் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தட்டை மெல்லத் தூக்கிச் சாய்த்தேன்.

"ஏண்ணே, தட்டுல அழுக்கா?" அந்த அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "நல்லா வெளக்கித்தானே வச்சேன்."

மனைவி குனிந்துகொண்டாள். எனக்கு வீட்டில் காத்திருக்கும் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குமுன் நான் எந்தச் சபையிலும் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. குறி, சாக்கு, மடங்கிய இதழ், எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்குத்தான் ஏழு வடையா?" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. தட்டை வாங்கித் தானே கவிழ்த்துக் கண்ணருகே பிடித்தார். மூன்று புள்ளி.

"இருபது வருசமாக் கழுவுறேன். இத நான் பார்த்ததே இல்லையே."

பின்பக்கம் போய், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டையும் எடுத்து வந்து முந்தானையால் அடியைத் துடைத்தார். அதில் வெறும் கோடு.

"இது வேற ஆளு," என்று அவரே சொன்னார்.

புறப்படும்போது வாசலில் கொஞ்சம் தயங்கினேன். கேட்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது.

"தட்டெல்லாம் தர மாட்டேண்ணே. பார்க்கணும்னா வந்து பாருங்க. மக இங்கதானே இருக்கப் போகுது."