செய்யாததையும் சொல்கிறவர்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை ஒரு காரை ஏமாற்றியதுதான்.

கார் தையல்கார அக்காவுடையது. பள்ளிச் சீருடைகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு சுற்றும் பழைய வண்டி. சைலன்சர் குழாய் துருவேறிப் பொத்தலாகி, தெருமுனையில் திரும்பும்போதே வருவது யார் என்று ஊருக்கே சொல்லிவிடும். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கும் அவ்வப்போது எரிந்து அக்காவைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. அப்பா குழாயை அறுத்தெடுத்துப் புதிதாக வைத்தார். பழைய குழாயில் இருந்த ஆக்சிஜன் சென்சார் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்பேனரை வைத்துத் திருப்பியதும் கழுத்து முறிந்து கையோடு வந்துவிட்டது.

அது பின்பக்கச் சென்சார். புகையைச் சுத்தம் செய்யும் வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. அது இல்லாமலும் வண்டி ஓடும். அந்த மஞ்சள் விளக்கு மட்டும் இனி அணையாமல் எரியும். புதியது வர நான்கு நாள் ஆகும். அக்காவுக்கோ வண்டி அன்று மாலையே வேண்டும்.

விடுப்பில் வந்திருந்த மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அந்த நான்கு நாள் விளக்கு எரியாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பழைய ரேடியோவிலிருந்து இரண்டு சின்ன பாகங்களைப் பிடுங்கி, சென்சார் வயரில் பற்றவைத்து டேப் சுற்றினாள். அப்பா பக்கத்தில் மல்லாந்து படுத்து டார்ச் பிடித்தார். சென்சார் இருக்க வேண்டிய துளையை ஒரு போல்ட்டால் அடைத்தார். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை.

"வண்டியோட கம்ப்யூட்டருக்கே காது குத்திட்டியே" என்று அப்பா சிரித்தார்.

முப்பத்தெட்டு வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த மனிதர். குழாயைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குத் தட்டல்காரர் என்று பெயர். வேலை முடிந்ததும் செய்தித்தாளை விரித்து, கழற்றியதையெல்லாம் அதில் வைப்பார். வண்டிக்காரரை நிற்கவைத்து, செய்தது இன்னது, செய்யாதது இன்னது என்று இரண்டையும் சொல்லாமல் சாவியைக் கொடுத்ததே இல்லை. செய்யாததைச் சொல்லிச் சொல்லியே வருகிறவர்களை விரட்டுகிறார் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"அடியில என்ன இருக்குன்னு அவங்க படுத்தா பாக்கப்போறாங்க? நான் வாயத் தொறந்தாத்தான் உண்டு" என்பார்.

அன்று அக்கா வந்தபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். சாவி மகள் கையில் இருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சுக்கா. இனிமே விளக்கு எரியாது."

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கைவேலை பலித்த பெருமையில் வாய் முந்திக்கொண்டது. அப்பாவுக்குக் கேட்டது. கையில் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தார். மூன்றாம் மனிதர் முன்னால் மகளின் பேச்சை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. வண்டி போன பிறகுதான், நாலு நாள் கழித்து வரச் சொல்லவில்லையே என்று கேட்டார். நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அவர் போன் பண்ணவில்லை. பண்ணினால் மகள் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் சொல்லலாம் என்று காத்திருந்தார். முதலில் வந்தது பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி மறுபடி வரவழைப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. இடையில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காமல் நடுவழியில் நின்றுவிடும். அதை முன்கூட்டியே சொல்லவேண்டிய விளக்கின் வாயைத்தான் மகள் கட்டிவைத்திருந்தாள். இது அவளுக்கும் தெரியும். படித்ததே அதுதானே.

வியாழக்கிழமை மதியம் அப்பா அவளைப் போனில் கூப்பிட்டார்.

"சென்சார் வந்துடுச்சும்மா. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கே போய் மாட்டிடறேன். உன் பேர இழுக்கல. நான்தான் சொல்ல மறந்துட்டேன்னு சொல்லிடவா?"

வேலை விஷயத்தில் அவர் சொல்லத் துணிந்த முதல் பொய். அதற்கும் மகளிடம் அனுமதி கேட்டார். வேண்டாம்ப்பா, நான்தான் செய்தேன் என்று சொல்லுங்கள் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மறந்துபோனாள். சனிக்கிழமை காலை கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களோடு தையல்கார அக்காவும் வந்தார். அதே காரில்தான் வந்தார். அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் கை வச்சப்புறம் அந்த விளக்கு எட்டிக்கூடப் பாக்கலம்மா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தார். எதுக்குண்ணேன்னு கேட்டேன், நேர்ல சொல்றேன்னார். என்னவா இருக்கும்?"

சுற்றிலும் ஆட்கள். அப்பாவின் தம்பி பக்கத்திலேயே நின்றார்.

"தெரியலக்கா" என்றாள்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். புதிய சென்சார் பிரிக்காத அட்டைப்பெட்டியோடு கடை அலமாரியில் இருக்கிறது. பெட்டியின் மேல் அப்பாவின் கையெழுத்தில் அக்காவின் வீட்டு விலாசம், பக்கத்தில் ஞாயிறு பத்து மணி. போல்ட்டைக் கழற்றி, சென்சாரைத் திருகி, மகள் வைத்த பாகங்களை வெட்டியெடுக்க அரை மணி நேரம் போதும். அதன் பிறகு அக்காவை நிற்கவைத்துச் சொல்ல வேண்டும்.