கூடாதக்கா

என் வீட்டுக்காரருடைய அக்கா ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘கூடாது’ சொல்கிறார் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். காலைக் காப்பி முடிவதற்குள் பதினேழு. அதற்கு மேல் எண்ண எனக்குப் பொறுமை இல்லை. கல்யாணமாகி நான் அந்த வீட்டு வாசலில் நின்ற அன்றைக்கு எல்லாரும் ‘வாம்மா, வாம்மா’ என்றார்கள். அண்ணி என்று நான் கூப்பிடும் இவர் மட்டும், “ஈரக் காலோட உள்ள வரக் கூடாது” என்றார்.

அண்ணி ஒரு கல்லூரி விடுதியின் காப்பாளர். கோடையில் விடுதி காலியானதும் நான்கு வாரத்துக்கு அதை ஒரு கலை முகாமுக்குக் கொடுத்துவிடுவார்கள். கட்டடத்தோடு அண்ணியும் சேர்த்தி. பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை அறுபது பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக வந்து தங்கி, படம் வரையவும் பாடவும் ஆடவும் நடிக்கவும் கற்றுக்கொள்வார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுவலகத்தில் போன் எடுக்கவும் பதிவேடு எழுதவும் என்னைச் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். “சொந்தக்காரின்னு சலுகை எதிர்பார்க்கக் கூடாது” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை.

அண்ணியின் இடுப்பில் நாற்பத்திரண்டு சாவிகள். அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும், பிள்ளைகள் சுதாரித்துக்கொள்வார்கள். கைகழுவும் தொட்டியில் தூரிகை கழுவக் கூடாது. ஈரத் துண்டைக் கதவில் போடக் கூடாது. ஒரு நாள் நாடக வகுப்புப் பையன் ஒருவன் நடைபாதையின் குறுக்கே செத்துக் கிடந்து பழகிக்கொண்டிருந்தான். அண்ணி குனிந்து பார்த்து, “செத்தவங்க ஓரமாப் படுக்கணும், வழியில கிடக்கக் கூடாது” என்றார். அவனும் எழுந்து ஓரமாகப் போய்ச் செத்தான். முதல் வாரம் முடிவதற்குள் பிள்ளைகள் அவருக்குக் கூடாதக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு நாடக வாத்தியார் வந்து சேர்ந்தார். செருப்பே போடாத மனுஷர். அவருடைய வகுப்பில் ஒரே ஒரு விதிதான். மேடையில் எதிராளி என்ன சொன்னாலும் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. ‘ஆமா’ என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கச் சேர்க்கக் கதை தானாக வளருமாம். மேடையோடு நிற்காமல் நாள் முழுக்கப் பழகச் சொல்லிவிட்டார்.

அன்றோடு போயிற்று அண்ணியின் நிம்மதி.

“கதவுல ஈரத் துண்டு போடக் கூடாது.”

“ஆமாக்கா. கதவுக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்.”

“கட்டில்ல ஏறிக் குதிக்கக் கூடாது.”

“ஆமாக்கா. கீழ இருக்கிறவங்க பாவம், ஏற்கனவே மழைன்னு நினைச்சுக் குடை பிடிச்சிருக்காங்க.”

எதிர்த்துப் பேசினால் திட்டலாம். ஆமாம் என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? அண்ணி அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, “இதுங்க எல்லாம் என் பேச்சைக் கேக்குதா, இல்ல கிண்டல் பண்ணுதா?” என்று என்னைக் கேட்டார். இரண்டும்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த ஆமா வித்தையில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் ஒரு பதினான்கு வயதுப் பெண். நான்கு வாரத்துக்கு ஒரே ஒரு துண்டோடு வந்து இறங்கியவள். முதல் நாளே அண்ணியிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து அவள் பேர் ஒத்தத்துண்டு. அன்றைக்குப் பேர் கேட்டதற்குத் தரையைப் பார்த்து முணுமுணுத்த பெண், பத்தாவது நாள் முகாமின் கடைசி நாள் நாடகத்துக்கு முக்கியமான ஆளாகிவிட்டாள்.

வினை ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தது. அப்பா, “சாப்பிட்டியா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாப்பா, தட்டு மட்டும்தான் பாக்கி” என்றிருக்கிறாள். “தூங்கினியா?” “ஆமாப்பா, இப்பவும் தூங்கிட்டுதான் பேசறேன்.” பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மனுஷர் பதறிப்போய், மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

அவருக்கு முன்னால் அவர் மனைவியின் போன் வந்தது. “அவர்கிட்ட பேச்சுப் பயிற்சின்னு சொல்லி நான்தாங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நாடகம்னு தெரிஞ்சா கையோட கூட்டிட்டு வந்துடுவாரு. இருபது வருஷமா பஸ்ல டிக்கெட் செக்கருங்க. முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிச்சிடுவாரு. எப்படியாவது சமாளிங்க. அவ இவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் கேட்டதே இல்ல.”

அண்ணியிடம் ஓடினேன். “பொய் சொல்லக் கூடாது” என்றார். எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் நின்ற நாடக வாத்தியார், “பொய்யே வேணாம்க்கா. அவர் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லி, ஒண்ணு சேத்துக்குங்க. இங்க அதுதான் விதி” என்றார். விதி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணியின் முதுகு நிமிர்ந்தது. விதி என்று சொன்னால் அண்ணி கிணற்றில்கூடக் குதிப்பார், சுற்றுச்சுவர் உயரத்தைச் சரிபார்த்துவிட்டு.

செக்கர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். ஒத்தத்துண்டு சுவரோரமாக நின்றாள். ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுத் தலைகள்.

“இங்க பேச்சுப் பயிற்சிதானே குடுக்கறீங்க?”

“ஆமா” என்றார் அண்ணி. கொஞ்சம் யோசித்து, “சத்தமாவே பேசுவாங்க” என்று சேர்த்தார்.

“வெளிய ஒரு பையன் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறானே?”

“ஆமா. காலையிலேருந்து அழறான்.”

“அந்த வாத்தியார் ஏன் செருப்புப் போடல?”

“ஆமா. சோப்பும் போடறாரான்னு தெரியல.”

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இங்க எல்லாருக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கா?”

“ஆமா. எனக்கு நேத்துலேருந்து.”

நான் பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அண்ணிக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. அதுதான் ஆபத்து. செக்கர் எழுந்தார்.

“அப்ப என் பொண்ணை நான் இப்பவே கூட்டிட்டுப் போறேன். சரிதானே?”

விதிப்படி இதற்கும் ஆமாதான் சொல்ல வேண்டும். அண்ணி வாயைத் திறந்தார். ‘ஆ’ வெளியே வந்துவிட்டது. சுவரோரமாக அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், முதல் நாள் தரையைப் பார்த்தாளே, அதே மாதிரி. ‘மா’வை அண்ணி விழுங்குவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

“ஆ... கூடாது.”

“என்னது?”

“கூட்டிட்டுப் போகக் கூடாது. உட்காருங்க. பொய்யும் சொல்லக் கூடாது, அதனால சொல்றேன். இங்க நாடகம்தான் சொல்லித் தர்றாங்க. உங்க வீட்டம்மா படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாலு வாரத்துக்குச் சேத்தாச்சு, இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.”

“என் பொண்ணு, என் இஷ்டம்.”

“நீங்க பஸ்ல டிக்கெட் செக் பண்றவர்தானே? டிக்கெட் எடுத்த ஆளைப் பாதி வழியில இறக்கி விடுவீங்களா?”

செக்கர் இருமினார். இருபது வருஷ வேலை அவர் முகத்தில் ஓடியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அது... கூடாது.”

“அப்புறம் என்ன?” என்று அண்ணி என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி மூடிவிட்டார். செக்கர் போன பிறகு ஒத்தத்துண்டு ஓடி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். “சாவி குத்தும், இப்படியெல்லாம் பண்ணக் கூடாது” என்றார் அண்ணி. ஆனால் விலக்கிவிடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுஷியை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசி நாள் நாடகத்துக்கு செக்கர் மனைவியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு, டிக்கெட்டைக் காட்டு என்பது போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை ஒரு பஸ்ஸில் நடந்தது. பயணிகள் எல்லாரும் அவரவர் புளுகை அளந்துகொண்டிருக்க, பின்பக்கமாக ஏறினார் டிக்கெட் செக்கர். மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு இருமல். எங்கள் ஒத்தத்துண்டு.

அப்பா இப்போதே எழுந்து மேடை ஏறிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் அண்ணி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு பயணி, “சார், நான் டிக்கெட் எடுத்தேன், ஆடு தின்னுடுச்சு” என்றான். மேடைச் செக்கர் இருமிவிட்டு, “ஆமா, உன்னைப் பத்தி அந்த ஆடுதான் எங்கிட்ட சொல்லுச்சு” என்றாள். கூட்டம் சிரித்தது. முதல் வரிசையில் ஒருத்தர் இருமினார். சிரிப்பை அடக்கப் பார்த்த இருமல் அது. பிறகு அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, பெண்டாட்டி தோளில் சாய்ந்து சிரித்தார்.

எல்லாம் முடிந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் அண்ணியைத் தேடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “என் இருமலைக்கூட விட்டு வைக்கலீங்க” என்றார். இரண்டு தடவை இருமினார்.

“அடுத்த வருஷமும் இவளைச் சேத்துக்குவீங்களா?”

“ஆமா” என்றார் அண்ணி. “ரெண்டு துண்டு குடுத்து அனுப்புங்க.”