பாசிப்பூச்சி வைரவன்

பகல் சங்கின் முனகல் அடங்குவதற்குள் வைரவன் குப்புறப் படுத்துவிடுகிறார். கூடத் தேயிலைச் சரிவில் வடிகால் கான் வெட்டும் ஐந்து பேரும் சோற்றுக்காக லயத்து வரிசை வீடுகளை நோக்கி நடக்கிறார்கள். இவர் மட்டும் ஐந்தாம் நம்பர் மலையடியில், வருடம் முழுக்கச் சேறும் பாசியுமாக ஊறிக்கிடக்கும் பள்ளத்தின் ஓரத்தில் படங்குச் சாக்கை விரித்து, தாடை தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்திக் கிடக்கிறார். தூக்குச்சட்டியில் ரொட்டி ஆறுகிறது.

யாராவது கிட்டே வந்தால், "மூச்சப் புடிச்சுக்குங்க. காத்துப் பட்டா ஓடிரும்" என்பார்.

அவர் பார்ப்பது ஒரு வண்டு. கசகசாவை விடச் சற்றுப் பெரிது. அதே போல உருண்டை, நிறம் மட்டும் கறுப்பு. பாசியைத் தண்ணீருக்குள் மெல்ல அமுக்கினால் மிதந்து மேலே வரும். வந்ததும், கூரையின் உட்புறத்தில் பல்லி போவதைப் போல, தண்ணீர்ப் பரப்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நடக்கும். வயிற்றில் ஒட்டிய காற்று வெள்ளித் தகடாக மின்னும்.

"நாம மடியில வெத்தலையக் கட்டிக்கிட்டுப் போறாப்ல, அது மூச்சக் கட்டிக்கிட்டுப் போவுது பாருங்க!"

வட்டகொடைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் அவர் மண்வெட்டி பிடித்து இருபத்தெட்டு வருடம். இடது காலில் இரண்டு விரல்களை அந்த மண்வெட்டியே எடுத்துக்கொண்டது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு எட்டு வருடமாகிறது, பதில் இல்லை. அதைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குவார். வண்டைப் பற்றிக் கேட்டால் உட்காரச் சொல்வார். வண்டுக்கு அவர் வைத்திருக்கும் பேர் 'அய்யா'. "அய்யாவுக்குக் கலங்கத் தண்ணி ஆவாது. ஊறிக்கிட்டே இருக்கணும், தெளிஞ்சும் இருக்கணும். இல்லாட்டிப் பொறப்பட்டுப் போயிருவாரு."

லயத்தில் அவருக்குப் பாசிப்பூச்சி என்றே பேர். மனைவி நல்லமுத்துவின் குறை வேறு. "எம் மூஞ்சிய ஒரு நாளாச்சும் இப்பிடிப் பாத்திருப்பாரா, கேளுங்க!"

போன தையிலும் மாசியிலும் மலையில் ஒரு சொட்டு மழை இல்லை. மலையூற்றிலிருந்து நாற்பது குடும்பங்களுக்குத் தண்ணீர் கொடுத்த மூங்கில் குழாய்ப் பீலி முதலில் நூலாக ஒழுகியது, பிறகு சொட்டியது, ஒரு காலையில் நின்றுபோனது. பெண்கள் ஒரு மைல் இறங்கி ஆற்றிலிருந்து கலங்கல் சுமந்து வந்தார்கள். அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. லயத்து ராக்காயியின் கைக்குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது.

பள்ளமும் வறண்டு வெடித்துவிட்டது. வைரவன் வெடிப்புகளைக் கிளறினார், அய்யா இல்லை. செத்திருந்தால் ஓடாவது கிடக்குமே! மூன்று நாள் சரிவெல்லாம் தவழ்ந்து தேடினார். மூன்றாம் நாள், பள்ளத்துக்கு மேலே ஒரு பாறையின் காலடியில், காய்ந்த பெரணிப் புதருக்குப் பின்னால், இரண்டு கையகலப் பாசி பச்சையாக இருந்தது. விரலால் விலக்கினார். உள்ளே கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன, நூற்றுக்கணக்கில்.

"எல்லாரும் இங்கயா வந்து சேந்தீங்க?"

அன்றே கங்காணி ஆண்டியப்பனை அழைத்து வந்தார். தண்ணீர் தேடி ஏற்கெனவே நாலு குழி வெட்டி ஓய்ந்துபோனவர் கங்காணி.

"இங்கன வெட்டுனாத் தண்ணி வருங்க."

"யாரு சொன்னது?"

வைரவன் பாசியைக் காட்டினார். கங்காணி குனிந்தார். பாசியை விரலால் அமுக்கிப் பார்த்தார், விரல் நனைந்தது.

"வெட்டு" என்றார்.

விஷயம் பரவி, குடங்களோடு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வைரவன் மண்வெட்டியை ஓங்கினார். இறக்க முடியவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டியவர்களின் தலையில் அல்லவா முதல் வெட்டு விழும்! மண்வெட்டியைக் கீழே வைத்து, முழங்காலிட்டு, பாசியை அடி மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கத் தொடங்கினார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ராக்காயிக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைக்கு நாக்கு வறளுது! நீங்க பூச்சிக்குத் தொட்டி கட்டுறீகளா?"

"ஒரு நிமிசம் தாயி." நிமிர்ந்து பார்க்கவில்லை. பாசியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பாறையிடுக்கின் நிழலில் வைத்தார். எல்லாரையும் எடுத்துவிட்டோமா என்பது அவருக்கே தெரியாது. பிறகு வெட்டினார்.

முழங்கால் ஆழத்தில் மண் கறுத்தது. இடுப்பளவில் மண்வெட்டி சளக்கென்றது. குழியின் ஓரத்திலிருந்து கண்ணீர் கசிவதைப் போல ஒரு கோடு இறங்கியது; இன்னொன்று; பிறகு குழியின் அடி முழுவதும் மினுங்கியது. கலங்கல் தெளியும் வரை நாற்பது குடங்களும் வரிசையில் காத்து நின்றன.

முதல் முறை ராக்காயிக்கு. ஒரு கை அள்ளிக் குழந்தையின் உதட்டை நனைத்தாள். அது நாக்கை நீட்டி நக்கியது. இரண்டாவது கை அள்ளினாள். நாள்கணக்காக நல்ல தண்ணீர் படாத தன் வாயருகே கொண்டுபோனவள் நின்றாள். சிந்திவிடாமல் விரல்களை இறுக்கிக்கொண்டு பாறையிடுக்குக்கு நடந்து, குனிந்து, அந்தப் பாசியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்.