கூலிங் கிளாஸ் போட்ட செக்யூரிட்டி அம்மா

மரக்காணம் போகும் வழியில் ஒரு பழைய கன்னியர் மடத்தை நவீன ஓவிய அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே செக்யூரிட்டி வேலை பார்த்த அம்மா, சேலைமேல் காக்கிச் சட்டையும், அறைக்குள்ளும் கழற்றாத கூலிங் கிளாஸுமாக நின்றார். ஸ்டைல் என்றுதான் நினைத்தேன்.

“உப்பளத்துல இருபது வருசம் வேலை செஞ்ச கண்ணுங்க. வெள்ளையப் பாத்தாலே கூசுது” என்றார்.

பழைய ஜெபக்கூடத்தில், ஜன்னல் வெயில் பட்டுப் பளீரென்றிருந்த வெள்ளைச் சுவரில், வெறும் வெள்ளையாக ஒரு பெரிய ஓவியம்.

“இதுல ஒண்ணுமே இல்லீங்களே” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் தந்தார். “இத்தப் போட்டுக்கினு படத்துக்கு மேல பாருங்க.”

கூச்சம் அடங்கியதும், முன்பு சிலுவை மாட்டியிருந்த தடம் சுவரில் மங்கலாகத் தெரிந்தது.

“அது டிக்கெட்டுல சேராதுங்க” என்றபடி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கூசித்தான் துடைத்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.