திமிங்கிலத்தின் அடியில் காளியம்மா

1934ஆம் ஆண்டு, மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகளும் ஒரு தாயும் படித்தார்கள். அந்தத் தாய் காளியம்மா. வயது முப்பத்திரண்டு. விடியலில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவாள். வெட்டிய பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு பிற்பகல் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். ஊரிலிருந்து அண்ணன் எழுதும் கடிதத்தைக் கங்காணி உரக்கப் படிப்பதும், லயத்து வரிசை வீடுகளே கூடிக் கேட்பதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தானே படித்துக்கொள்ள வேண்டுமென்று வந்தவள், மூன்று வருஷமாக ஒரு நாளும் தவறவில்லை.

அவள் மகள் புஷ்பவள்ளியும் அதே வகுப்புதான். ஒன்பது வயது. அம்மா தப்பாக வாசித்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது, அவள் துடைத்த சிலேட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் தங்கராஜு வாத்தியார் வகுப்பை ஒரு நாள் சிங்கப்பூருக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கினார். அவரே கும்பகோணத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பிள்ளைங்க போறதுக்கு நான் எதுக்கு சார்?" என்றாள் காளியம்மா.

"பதிவேட்டுல உங்க பேரும் இருக்கே. வகுப்புன்னா எல்லாரும்தான்."

வீட்டில் கணவன் அர்ச்சுனன், "போய்ட்டு வா லா. ஒரு நாள் சோறு நான் ஆக்கிக்கிறேன்" என்றான். புஷ்பவள்ளி ரயிலில் ஏறியதும் அம்மாவுக்கு எட்டாத ஒரு மூலையில் தோழிகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜொகூர் பாருவைத் தாண்டி ரயில் கடற்பாலத்தில் ஏறியபோது, இரண்டு பக்கமும் தண்ணீர். பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டு வயதில் தாயின் இடுப்பில் கப்பலேறி வந்த காளியம்மாவுக்குக் கடல் நினைவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தாள்.

அது வெறும் ஜலசந்தி என்பது துறைமுகத்துக்குப் போனதும்தான் தெரிந்தது. அங்கே எதிர்க்கரையே இல்லை. ஒரு கப்பலின் பக்கம் கறுப்புச் சுவர்போல எழுந்து நின்றது. உச்சியில் நடமாடிய ஆட்கள் விரலளவு தெரிந்தார்கள். கப்பலைக் கட்டியிருந்த கயிறு அவள் தொடை பருமன் இருந்தது. கப்பல் ஊதியபோது தரை அதிர்ந்தது உள்ளங்காலில் தெரிந்தது. "இம்மாம் பெரிசு எப்படி சார் மிதக்குது?" என்று அவள் கேட்டாள். வாத்தியார் விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு, தானும் அண்ணாந்து பார்த்தார்.

பிற்பகல் அருங்காட்சியகம் போனார்கள். ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும், முன்னே போன பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மேலே கூரையிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. தலை ஒரு கோடியில், வால் மறு கோடியில். விலா எலும்புகள் வளைந்து இறங்கியிருந்தன. ஒரு லயத்து வீடு முழுசாக அதன் வயிற்றுக்குள் அடங்கும் போலிருந்தது. சின்னப் பையன்கள் இருவர் வாத்தியாரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், இது எங்க இருந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான். வாத்தியார் கூடத்துக் காவல்காரரைப் பார்த்தார். அவர் மலாய்க்காரர். வாத்தியாருக்கு மலாய் ஒரு சொல்கூட வராது.

காளியம்மா முன்னால் வந்தாள். தோட்டத்துக்குப் பின்னாலிருந்த கம்பம் என்ற மலாய்க் கிராமத்துப் பெண்களோடு பழகிப் பழகி அவளுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. "அபாங்" என்று அவரை மரியாதையாக அண்ணனென்று கூப்பிட்டு அவள் கேட்க, காவல்காரர் முகம் மலர்ந்து பேசத் தொடங்கினார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"மலாக்கா பக்கம் கரையில ஒதுங்குச்சாம். ஒதுங்கி ஏழு நாள் உசுரோட கெடந்துச்சாம்."

காளியம்மா திரும்பி அவரிடம் இன்னொன்று கேட்டாள். அவர் தலையை அசைத்துச் சிரித்தார்.

"என்ன கேட்டீங்க?" என்றார் வாத்தியார்.

"ஏழு நாளும் யாராச்சும் அதுமேல தண்ணி ஊத்துனாங்களான்னு கேட்டேன் சார். தெரியாதாம். அப்போ அவரு பொறக்கவே இல்லையாம்."

பிறகு கேள்விகள் கொட்டின. பல் எங்கே, எதைத் தின்னும், குட்டி போடுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவரோ வெறும் காவல்காரர். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். இரண்டையும் காளியம்மா அப்படியே சொன்னாள். வாத்தியார் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். புஷ்பவள்ளி கூட்டத்தை விலக்கி வந்து அம்மாவின் சேலையைத் தொட்டாள்.

"அம்மா, அதுக்குத் தூக்கம் வருமான்னு கேளேன்."

கேட்டாள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் மகள் அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். காளியம்மா தூங்கவில்லை. மறுநாள் வகுப்பில் பார்த்ததை எழுதச் சொன்னபோது, சிலேட்டின் இரண்டு பக்கமும் போதாமல் மகளின் சிலேட்டையும் வாங்கி எழுதினாள். பிழைகள் நிறைய இருந்தன. வாத்தியார் அதைத் திருத்தாமல் உரக்கப் படித்தார், யாரும் சிரிக்கவில்லை.

லயத்துப் பெண்களிடம் அவள் சொல்லிச் சொல்லி மாளவில்லை. கேட்டவர்கள் நம்பவில்லை. அடுத்த வருஷம் ஆறு பெண்களைத் தானே ரயிலேற்றி அழைத்துப்போனாள். அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறை போவது வழக்கமாயிற்று. நாலாம் வருஷம் கருப்பாயி போனாள். நாற்பது வருஷம் களை பிடுங்கியவள், கேலிக்காரி. வழியெல்லாம், "எலும்பு பாக்கவா இம்புட்டுத் தூரம்?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். கூடத்துக்குள் நுழைந்து நிமிர்ந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே உட்காரக்கூடாதென்று காவல்காரர் எழுப்ப வந்தார். காளியம்மா அவரிடம் தாழ்ந்த குரலில், "மொத தடவ பாக்குறாங்க அபாங், கொஞ்சம் உக்காரட்டும்" என்று மலாயில் சொன்னாள். அவர் ஒதுங்கிப் போனார்.